இம்ப்ளான்ட் பில்லுக்குள் ஒளியும் கமிஷன்: வெளிநாட்டு லஞ்சத்தை அமெரிக்கச் சட்டம் எப்படிப் பிடிக்கிறது?

செயற்கை மூட்டு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், டயாலிசிஸ் மெஷின் இவை எதையும் நோயாளி கடைக்குப் போய் நாலு இடத்தில் விலை கேட்டு வாங்குவதில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று முடிவு செய்வது டாக்டர், இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் கொள்முதல் குழு. பணம் கட்டுவது நோயாளி, காப்பீடு அல்லது அரசு. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். மருத்துவக் கருவி வியாபாரத்தில் கமிஷன் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையில் ஸ்கேன் கவரோடு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் வங்காள, ஜார்க்கண்ட் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். நிலத்தையோ நகையையோ வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு வந்து, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சிகிச்சை பார்க்கிறவர்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, பில்லில் ‘இம்ப்ளான்ட்’ என்று ஒரே வரியில் வரும் தொகையில் கருவியின் விலை எவ்வளவு, வேறு யாருடைய பங்கு எவ்வளவு என்று அவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

நான் இந்த ஊரில் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன். சர்ஜிக்கல் டீலர்களின் புத்தகங்களும் என் மேஜைக்கு வரும். அதனால் இந்தச் சட்டத்தைக் கணக்குப் பக்கமிருந்தே சொல்கிறேன். புதிதாகத் தெரிந்துகொள்கிறவருக்கு அதுதான் நேர்வழி என்பது என் கருத்து.

சட்டம் பிறந்த கதை

அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரத்தைத் தோண்டப் போனபோது, பெரிய கம்பெனிகள் கணக்கில் காட்டாத ரகசியப் பணம் வைத்திருந்தது வெளியே வந்தது. அந்தப் பணம் உள்நாட்டு அரசியலுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் போயிருந்தது. பங்குச் சந்தை ஆணையம் விசாரித்ததில் 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் இப்படிப்பட்ட சந்தேகத்துக்குரிய பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டன. மொத்தத் தொகை 30 கோடி டாலருக்கு மேல். விமானம் தயாரிக்கும் லாக்ஹீட் கம்பெனி ஜப்பானில் கொடுத்த பணத்தால், முன்னாள் பிரதமர் ககுவேய் தனாகா 1976-ல் கைதே ஆனார். அதன் பிறகுதான் 1977 டிசம்பரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. எல்லோரும் சுருக்கமாக எஃப்.சி.பி.ஏ. என்பார்கள்.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு பாகம். முதல் பாகம் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். வியாபாரம் பிடிக்கவோ, பிடித்ததைத் தக்கவைக்கவோ வெளிநாட்டு அரசு அலுவலருக்குப் பணமோ பொருளோ சலுகையோ கொடுக்கக் கூடாது. கொடுக்கிறேன் என்று சொன்னாலே குற்றம். நேராகக் கொடுத்தாலும் சரி, டீலர், ஏஜென்ட் வழியாகக் கொடுத்தாலும் சரி.

இரண்டாம் பாகத்தைப் பலர் கவனிப்பதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தை உண்மையாக எழுத வேண்டும், பணம் தப்பான வழியில் போகாமல் தடுக்க உள்கட்டுப்பாடும் வைத்திருக்க வேண்டும். லஞ்சம் என்று தலைப்புப் போட்டு யாரும் வவுச்சர் எழுதுவதில்லை. வேறு ஏதாவது பெயரில்தான் எழுதியாக வேண்டும். அப்படி எழுதுகிற அந்த நிமிடமே இரண்டாம் பாகத்தை மீறியாகிவிட்டது. யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று முழுதாக நிரூபிக்க முடியாத இடத்திலும் பொய்க்கணக்கைப் பிடித்துவிடலாம். இந்தச் சட்டத்தின் பல் இங்கேதான் இருக்கிறது.

கிரிமினல் வழக்கை அமெரிக்க நீதி அமைச்சகம் நடத்தும். பட்டியலான கம்பெனிகள் மீது சிவில் நடவடிக்கை எடுப்பது பங்குச் சந்தை ஆணையம், அதாவது எஸ்.இ.சி. நமக்கு செபி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் எப்படி ‘அரசு அலுவலர்’ ஆனார்?

அரசு அலுவலர் என்றால் மந்திரி, செயலாளர், கலெக்டர் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் உலகின் பல நாடுகளில் பெரிய ஆஸ்பத்திரிகள் அரசுடையவை. அங்கே சம்பளம் வாங்கும் டாக்டர், லேப் பொறுப்பாளர், ஸ்டோர் அதிகாரி எல்லோரும் அரசு அலுவலர்கள்தான் என்று அமெரிக்க அதிகாரிகள் இந்தச் சட்டத்துக்குப் பொருள் கொள்கிறார்கள். 2005-ல் ஒரு அமெரிக்கப் பரிசோதனைக் கருவிக் கம்பெனியின் தியான்ஜின் கிளை, சீன அரசு ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களுக்கும் லேப் ஊழியர்களுக்கும் கமிஷன் கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டது. அதன் பிறகு மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கு எல்லாம் வயிற்றில் புளி கரைக்க ஆரம்பித்தது.

நம் ஊரை வைத்துச் சொன்னால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணிபுரியும் டாக்டர் அந்தச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு அரசு அலுவலர். ஊருக்குள் இருக்கும் சி.எம்.சி. லாப நோக்கமில்லாத தனியார் நிறுவனம், அதனால் அங்குள்ள டாக்டர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். கோடு எங்கே விழுகிறது என்று காட்டத்தான் இந்த இரண்டு பெயரும், வேறு எந்த அர்த்தமும் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் டெண்டர் பார்க்கும் அலுவலரும் இதே வரையறைக்குள் வருவார்.

பணம் போகும் பாதை

இம்ப்ளான்ட் எப்படி விற்பனையாகிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். முழங்கால் மாற்று அறுவைக்கு முன்னால் எந்த அளவு சரியாகப் பொருந்தும் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அதனால் டீலர் எல்லா அளவுகளையும் ஒரு செட்டாக, டெலிவரி சலான் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். டீலரின் ஆள் ஒருவர் கருவித் தட்டுகளோடு ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும், சில இடங்களில் உள்ளேயும் இருப்பார். எந்தத் துண்டு பொருத்தப்பட்டதோ அதன் பெட்டியிலிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து கேஸ் ஷீட்டில் ஒன்று, பில்லுக்கு ஒன்று என ஒட்டுவார்கள். மற்றவை திரும்பிவிடும். பில் அதன் பிறகுதான்.

இந்த வேலைக்காக டீலருக்குக் கம்பெனி தள்ளுபடி கொடுக்கும். அது நியாயமான கூலிதான். ஸ்டாக் வைக்க முதல் போட வேண்டும், ஆள் வைக்க வேண்டும், ஆஸ்பத்திரி பணம் தர மாதக்கணக்கில் ஆகும். சரி, ஒரு பேச்சுக்கு மற்ற ஊர் டீலருக்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டீலருக்கு மட்டும் 40 சதவீதம் போகிறது. கேட்டால் ‘மார்க்கெட் கஷ்டம்’ என்று மட்டும் பதில் வருகிறது. அப்போது அந்தக் கூடுதல் 20 எங்கே போகிறது என்று கேட்பதுதான் கணக்கு பார்ப்பவரின் வேலை. உலகெங்கும் பிடிபட்ட வழக்குகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

செயற்கை மூட்டு தயாரிக்கும் ஸ்மித் அண்ட் நெஃப்யூ கம்பெனியின் வழக்கைப் பாருங்கள். கிரீஸ் நாட்டு டீலருக்காகப் பிரிட்டனில் பெயருக்கு மட்டும் இருந்த கம்பெனிகளுக்கு ‘மார்க்கெட்டிங் சேவை’ என்று பணம் போனது. அப்படி ஒரு சேவையே நடக்கவில்லை. பணம் கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் சேர்ந்தது. 2012-ல் சுமார் 2.2 கோடி டாலர் கட்டினார்கள். அதே ஆண்டு, இதே தொழிலில் இருந்த பயோமெட் மாட்டியது. அர்ஜென்டினாவில் ஒவ்வொரு விற்பனைக்கும் 15 முதல் 20 சதவீதம் டாக்டர்களுக்குப் போய், புத்தகத்தில் ஆலோசனைக் கட்டணம், விற்பனைக் கமிஷன் என்றெல்லாம் பதிவானது. கம்பெனியின் உள் தணிக்கைக்காரர்களுக்கே அது தெரிந்திருந்தது. 2.27 கோடி டாலர் கட்டிவிட்டு, அப்புறம் பிரேசிலில் லஞ்சம் கொடுத்ததாகத் தெரிந்த அதே டீலரோடு தொடர்ந்து வியாபாரம் செய்ததால் 2017-ல் மறுபடியும் 3 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டிவந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆர்த்தோஃபிக்ஸ் வழக்கு, 2012. மெக்சிகோவில் அந்தக் கம்பெனியின் கிளை, அரசு சமூகப் பாதுகாப்பு ஆஸ்பத்திரி அலுவலர்களுக்குப் பணம், லேப்டாப், டிவி என்று கொடுத்துவந்தது. கிளை ஊழியர்கள் தங்களுக்குள் இதை ‘சாக்லேட்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். முதலில் ஊழியருக்கு முன்பணம் என்று ரொக்கம் எடுத்து, சாப்பாட்டு பில், கார் டயர் வாங்கிய பில் என்று பொய் ரசீது வைத்துக் கணக்கை நேர்செய்தார்கள். தொகை பெரிதானதும் பயிற்சிச் செலவு, விளம்பரச் செலவு என்று மாற்றிக்கொண்டார்கள். பயிற்சிச் செலவு பட்ஜெட்டைத் தாண்டி எகிறியது. தலைமை அலுவலகம் ஏன் என்று கேட்டது, ஆனால் ஒப்புக்குக் கேட்டுவிட்டு விட்டுவிட்டது. கொடுத்த லஞ்சம் சுமார் 3 லட்சம் டாலர், அதில் வந்த லாபம் ஏறக்குறைய 50 லட்சம் டாலர். கடைசியில் 74 லட்சம் டாலர் கட்டினார்கள். வவுச்சர் கட்டைப் புரட்டுகிற யாரும் அந்த டயர் பில்லில் நின்றிருக்க வேண்டும். எலும்புக் கருவி விற்கிறவருக்கு அத்தனை டயர் எதற்கு?

இவற்றுக்கெல்லாம் முன்னோடி ஜான்சன் அண்ட் ஜான்சன். 2011 ஏப்ரலில் கிரீஸ், போலந்து, ருமேனியா டாக்டர்களுக்குக் கொடுத்த பணத்துக்கும், ஐ.நா.வின் எண்ணெய்க்கு உணவுத் திட்டத்தில் ஈராக்கில் கொடுத்த கமிஷனுக்கும் சேர்த்து 7 கோடி டாலர் கட்டியது. அந்தக் கம்பெனி தானாகவே முன்வந்து தகவல் சொன்னதோடு, இதே துறையில் மற்றவர்கள் செய்வதைப் பற்றியும் அதிகாரிகளுக்கு எடுத்துக்கொடுத்தது. தொகையில் எல்லாவற்றையும் மிஞ்சியது டயாலிசிஸ் துறையின் பெரிய கம்பெனியான ஃப்ரெசீனியஸ். 2019-ல் அங்கோலா, சவூதி அரேபியா உள்ளிட்ட பல நாட்டு விவகாரங்களுக்காக 23.1 கோடி டாலர். வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் படுத்து எழுந்தால்தான் உயிர் என்கிற நோயாளிகளின் துறையில் இது நடந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்தியா வந்த வழக்கு

ஸ்ட்ரைக்கர் கம்பெனி 2013-ல் அர்ஜென்டினா, கிரீஸ், மெக்சிகோ, போலந்து, ருமேனியா விவகாரங்களுக்காக 1.32 கோடி டாலர் கட்டியது. 2018 செப்டம்பரில் இரண்டாவது முறை. இந்தத் தடவை இந்தியா, சீனா, குவைத். அபராதம் 78 லட்சம் டாலர்.

இந்தியப் பகுதியை நிறுத்திப் படிக்க வேண்டும். சில தனியார் ஆஸ்பத்திரிகள் கேட்டுக்கொண்டபடி, டீலர்கள் எலும்புக் கருவிகளுக்கு உண்மை விலையைவிடக் கூட்டி பில் போட்டுக் கொடுத்தார்கள் என்பது எஸ்.இ.சி. உத்தரவில் உள்ள செய்தி. ஆஸ்பத்திரி டீலருக்குக் கட்டுவது குறைந்த விலை, கையில் இருக்கும் பில்லிலோ கூடிய விலை. அந்தக் கூடிய பில்லைக் காட்டி நோயாளியிடமோ காப்பீட்டிடமோ வசூலிக்கலாம். இங்கே அரசு அலுவலரே இல்லை, அதனால் சட்டத்தின் முதல் பாகம் செல்லாது. ஆனாலும் கம்பெனி தப்பவில்லை. இந்தியக் கிளையின் கணக்குகள் ஒழுங்காக இல்லை, பல செலவுகளுக்கு ஆதாரமே இல்லை, டீலர்களைக் கண்காணிக்கும் கட்டுப்பாடு போதவில்லை என்று இரண்டாம் பாகத்தில் பிடித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. இப்படிச் சமரசம் செய்வது அங்கே வழக்கம்.

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று வேண்டுமென்றால், கருவித் துறை அல்ல, காக்னிசன்ட் வழக்கு இருக்கிறது. சென்னையில் வளாகம் கட்ட அனுமதி வாங்க 20 லட்சம் டாலர் லஞ்சம் என்ற குற்றச்சாட்டில் 2019-ல் சுமார் 2.5 கோடி டாலர் கட்டினார்கள். கம்பெனி தானாக முன்வந்து சொன்னதால் நீதி அமைச்சகம் அதன் மீது கிரிமினல் வழக்குப் போடவில்லை. முன்னாள் அதிகாரிகள் இருவர் மீது போட்ட வழக்கையும் 2025-ல் கைவிட்டது.

தண்டனை, பேரம், ஓட்டைகள்

லஞ்சம் கொடுத்த தனிநபருக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 5 ஆண்டு வரை சிறை. தெரிந்தே கணக்கைப் புரட்டினால் 20 ஆண்டு வரை. லஞ்சத்தைவிடப் பொய்க்கணக்குக்குத் தண்டனை அதிகம் என்பதைக் கணக்குத் துறையில் இருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். கம்பெனி என்றால் அபராதத்தோடு, லஞ்சத்தால் வந்த லாபத்தையும் வட்டியோடு கக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் நீதிமன்ற விசாரணை வரை போவதில்லை. ‘இத்தனை ஆண்டு ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம்’ என்று ஒப்பந்தம் போட்டு, சில சமயம் வெளியாள் ஒருவரைக் கண்காணிப்பாளராக உள்ளே உட்கார வைப்பார்கள்.

டாக்டருக்குச் செய்யும் எல்லாச் செலவும் லஞ்சம் ஆகிவிடாது. புதுக் கருவியைக் கையாளப் பயிற்சி கொடுக்க ரயில் டிக்கெட், தங்குமிடம், நியாயமான சாப்பாடு எல்லாம் செய்யலாம். குடும்பத்தோடு போய்வர விமான டிக்கெட், நடுவில் நாலு நாள் சுற்றுலா என்றால் அது வேறு. யார், எங்கே, எத்தனை நாள், என்ன கற்றுக்கொண்டார் என்று எழுத்தில் இருக்கிறதா என்பதை வைத்தே இரண்டையும் பிரிப்பார்கள்.

2010-ல் வந்த இன்னொரு சட்டத்தால், இந்த மீறல்களைப் பற்றி எஸ்.இ.சி.க்குப் புதிய தகவல் தருபவருக்கு, விதிக்கப்பட்ட தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டினால் வசூலானதில் 10 முதல் 30 சதவீதம் வெகுமதி உண்டு. தகவல் தருபவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. வசூலாகும் கோடிகள் அமெரிக்கக் கருவூலத்துக்குத்தான் போகின்றன. கூடுதல் விலை கொடுத்து மூட்டு மாற்றிக்கொண்டவர் கிரீஸிலோ இந்தியாவிலோ இருப்பார். அவருக்கு ஒரு பைசா திரும்பி வராது. தான் ஏமாந்தது கூட அவருக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்று, அரசியல் காற்றுக்கு ஏற்ப இதன் வேகம் மாறும். 2025 பிப்ரவரி 10 அன்று அதிபர் டிரம்ப் இந்தச் சட்டத்தின் அமலாக்கத்தை 180 நாளுக்கு நிறுத்திவைக்க உத்தரவிட்டார். ஜூன் மாதம் புது வழிகாட்டுதல் வந்தது. அமெரிக்கக் கம்பெனிகளின் போட்டித்திறனைக் கெடுக்கும் லஞ்சங்களுக்கும், போதைக் கும்பல்களோடு தொடர்புள்ளவற்றுக்கும் முன்னுரிமை என்று வட்டத்தைச் சுருக்கினார்கள். சட்டம் ரத்தாகவில்லை. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் வேறு தனியாக நிற்கிறது. அது தனியாருக்குள் நடக்கும் லஞ்சத்தையும் குற்றமாக்குகிறது. லஞ்சத்தைத் தடுக்கத் தவறினாலே கம்பெனி பொறுப்பு.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காக்காரன் வந்து பிடிப்பான் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கினார்கள். 7 ஆண்டு வரை சிறை. கம்பெனி சார்பில் யார் கொடுத்தாலும், டீலராக இருந்தாலும், கம்பெனியும் பொறுப்பு. இங்கே வியாபாரம் செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஆனால் இதுவும் அரசு ஊழியரைச் சுற்றியே நிற்கிறது.

தனியார் டாக்டர் விஷயத்தில் 2002-ன் மருத்துவ ஒழுக்க விதிகள் கமிஷனைத் தடுக்கின்றன. 2009 திருத்தம் பரிசுகளையும் தடுத்தது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில், டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவக் கருவிகளுக்கென 2024 செப்டம்பரில் மத்திய மருந்துத் துறை சீரான விற்பனை நடத்தை நெறியை வெளியிட்டது. அது சட்டம் அல்ல, நெறிதான். மீறினால் கருவிக் கம்பெனிகளின் சங்கத்திலுள்ள ஒழுக்கக் குழு விசாரிக்கும். இது போதாது என்பது என் உறுதியான எண்ணம். தனியார் ஆஸ்பத்திரிக்கு விலையைக் கூட்டி பில் போடுவதைத் தெளிவாகக் குற்றமாக்கும் ஒரு பிரிவு நமக்கு வேண்டும். விலை உச்சவரம்பு ஓரளவு கைகொடுத்தது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கும் வரம்பு வந்தது. வரம்புக்கு முன் அந்த ஸ்டென்ட் லட்சம் ரூபாய்க்கு மேலும் விற்றது. ஆனால் வரம்பு இல்லாத கருவிகள் ஏராளம்.

டீலர் கடையில் கணக்கு பார்க்கும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம். கான்ஃபரன்ஸ் செலவு என்று வவுச்சர் வந்தால் அழைப்பிதழையும் கலந்துகொண்டவர் பட்டியலையும் கேளுங்கள். ஆலோசனைக் கட்டணம் என்றால் அவர் கொடுத்த ஆலோசனை எழுத்தில் எங்கே என்று கேளுங்கள். ஒரே இம்ப்ளான்ட்டுக்கு இரண்டு விலையில் பில் போடச் சொன்னால், யார் சொன்னது என்று மெயிலில் எழுதி வாங்காமல் போடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் யாராவது மிரட்டி, வேறு வழியில்லாமல் பணம் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுத்துவிட வேண்டும். அந்த 7 நாள் தாண்டிவிட்டால் கட்டாயப்படுத்தினார்கள் என்ற பாதுகாப்பு கிடைக்காது, கொடுத்தவரும் குற்றவாளிதான். கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்படி கொடுத்தால் அது குற்றமே ஆகாது.